நான்கு மாலைகளில் ஒரு கதை

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடநூலில் இல்லாத ஒரு கதையை மாணவர் ஒருவர் தாமே வாசித்து, ஆராய்ந்து, எழுத நாம் எப்படி உதவலாம் என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நாற்பது பேர் உள்ள வகுப்பைப் பற்றி இந்தக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரே ஒரு பிள்ளை புத்தகத்தோடு எதிரில் வந்து உட்காரும்போது என்ன செய்கிறோம் என்று பேசியது குறைவு. எனவே பொதுவாகப் பேசாமல் ஒரு கதை, ஒரு மாணவி, நான்கு மாலைகள் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

மாணவி பதினோராம் வகுப்பு, தமிழ்வழி. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. “பாடத்துல இல்லாத கதையக் குடுத்து எழுதச் சொன்னா எப்படி மிஸ் எழுதுறது?” என்று கேட்டு வந்தாள். மணி அடித்த பிறகு அவளுடைய பேருந்து வரும்வரை முக்கால் மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள்.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1951இல் வெளியிட்ட ‘தி பெடஸ்ட்ரியன்’ என்ற சிறுகதை. ‘பாதசாரி’ என்று வைத்துக்கொள்ளலாம். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2053ஆம் ஆண்டு, நவம்பர் மாதத்து இரவு. முப்பது லட்சம் பேர் வாழும் நகரம். லெனார்ட் மீட் என்பவர் எட்டு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து நடக்கத் தொடங்குகிறார். தெருவில் ஆள் அரவமே இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகளாக நடக்கிறார். எதிரில் இன்னொரு மனிதர் நடந்து வந்து அவர் பார்த்ததே இல்லை. அன்று வீடு திரும்பும் வழியில் ஒரு போலீஸ் கார் அவர்மேல் விளக்கை அடித்து நிறுத்துகிறது. அந்த நகரம் முழுவதற்கும் மிச்சமிருக்கும் ஒரே போலீஸ் கார் அது. குற்றங்கள் குறைந்துவிட்டதால் முந்தைய ஆண்டுதான் மூன்று கார்களை ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். கார் கேட்கிறது, அவர் பதில் சொல்கிறார். கடைசியில் ஏறச் சொல்கிறது. ஏறப் போகும்போது முன்னிருக்கையைப் பார்க்கிறார். அங்கே யாரும் இல்லை. மனநல ஆய்வு மையம் ஒன்றுக்கு அவரைக் கொண்டுபோகிறது. கதை அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, அடிதடி இல்லை, மேடையில் நின்று கத்தும் சர்வாதிகாரியும் இல்லை.

இந்த வகைக் கதைகளை ‘டிஸ்டோபியா’ கதைகள் என்கிறார்கள். தமிழில் ஆளுக்கொரு சொல் சொல்கிறோம், எதுவும் நிலைக்கவில்லை. நான் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டேன். தாமஸ் மோர் 1516இல் எழுதிய நூலுக்கு ‘உட்டோபியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொற்களிலிருந்து அவர் உண்டாக்கிய அந்தப் பெயருக்கு ‘இல்லாத இடம்’ என்று பொருள். காதுக்கு ‘நல்ல இடம்’ என்றும் கேட்கும். 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய ஜான் ஸ்டூவர்ட் மில், அதற்கு எதிர்ச்சொல்லாக ‘கெட்ட இடம்’ என்ற பொருளில் இந்தச் சொல்லைக் கையாண்டார். இந்த விவரத்தை மூன்றாம் மாலைதான் மாணவியிடம் சொன்னேன். வரையறையை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு, கதைக்குள் வரையறையைத் தேடப் போய்விடுவார்கள்.

முதல் மாலை அவள் ஒரு பத்தி, நான் ஒரு பத்தி என்று சத்தமாக வாசித்தோம். முடித்ததும் “என்ன தோணுது?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ராத்திரியில தனியா வெளிய போகக் கூடாது, போலீஸ் கேட்டா ஒழுங்கா பதில் சொல்லணும். அதுதான் மிஸ் இந்தக் கதையோட நீதி.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கதையின் அடியிலும் ‘நீதி’ என்று ஒரு வரி எழுத வைத்தவர்கள் நாம்தானே? பழக்கியதை அவள் செய்தாள். அதோடு, அவள் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. அந்த நகரத்து ஆள் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லி நீதி கேட்டால் அவரும் இதையேதான் சொல்லுவார். அவளிடம் அப்படியே சொன்னேன். “நீ சொன்னது அந்த ஊர்ச் சட்டம். நோட்டுல ‘ஊர்ச் சட்டம்’னு தலைப்புப் போட்டு முதல் வரியா எழுது. இன்னும் என்னென்ன சட்டம் இருக்குன்னு பாரு.”

தப்பு என்று அடித்துவிட்டுச் ‘சரியான’ கருத்தைச் சொல்லியிருந்தால் நீதிக்குப் பதில் இன்னொரு நீதியை நான் கொடுத்ததாக ஆகியிருக்கும். ‘தொலைக்காட்சி தீமை’ என்று எழுதிக்கொண்டு பேருந்துக்குப் போயிருப்பாள். இப்போது மறுபடி கதைக்குள் போனாள். இருபது நிமிடத்தில் பட்டியல் நீண்டது. தெரு நடப்பதற்கு அல்ல. வீட்டில் திரை இருக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஊர் ஒப்புக்கொள்ளும் தொழில் இருக்க வேண்டும். கேட்டால் மட்டுமே பேச வேண்டும். காற்று வேண்டுமென்றால் வீட்டிலேயே எந்திரம் இருக்கிறது. ஒன்றைக்கூடக் கதை ‘இது சட்டம்’ என்று சொல்வதில்லை. கார் கேட்கும் கேள்விகளிலிருந்துதான் தெரியவருகிறது. இதை அவளாகவே கவனித்தாள்.

அன்றே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எதைச் சொன்னாலும், “எங்கே இருக்கு? விரல் வை” என்று நான் கேட்பேன். விரல் வைக்க வரி இருந்தால் அந்தக் கருத்து நிற்கும். இல்லாவிட்டால் அடிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. விமரிசனக் கலைச்சொற்கள் எதையும் நான்கு நாளில் நான் கற்றுக்கொடுக்கவில்லை. இந்த ஒரு விதி போதுமானதாக இருந்தது.

கதை ஆங்கிலம், பேச்சு தமிழ், குறிப்பு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழி. இதில் சிலருக்கு மாற்றுக்கருத்து இருக்கலாம். ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் யோசிக்கவே தெரியாதவர்களாகக் கணக்கில் எழுதப்படும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளம் என்பது என் அனுபவம்.

இரண்டாம் மாலை வந்ததும் ஒரு சந்தேகம் கேட்டாள். “குற்றமே இல்லை. எல்லாரும் வீட்டுல நிம்மதியா டிவி பார்க்கிறாங்க. போலீஸுக்கு வேலையே இல்லை. நல்ல ஊருதானே மிஸ்?”

இந்தக் கேள்வி வரவேண்டும் என்று காத்திருந்தேன். ராட்சதன் ஊரைப் பிடித்துக்கொண்ட கதை நமக்குத் தெரியும். அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள், ஒரு ராஜகுமாரன் வருவான். இந்த வகைக் கதையில் அழுவதற்கு ஆள் இல்லை. மக்கள் கேட்டது கிடைத்திருக்கிறது. என்ன கிடைத்தது, அதற்கு எது போயிற்று, போனது தெரிகிறதா என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. “நல்ல ஊருன்னு கதை நினைக்குதா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று திருப்பிக் கேட்டேன். ஒரு வழியும் காட்டினேன்: எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார் என்று மட்டும் தேடு.

அந்த மாலை முழுவதும் உவமைகளிலேயே போயிற்று. வீடுகள் நிற்கும் தெரு மீட்டுக்கு இடுகாடுபோல் தெரிகிறது. இரவில் வாகனம் இல்லாத பெருஞ்சாலைகள் தண்ணீர் வற்றிய ஆற்றுப் படுகைபோல் கிடக்கின்றன. கார் விளக்கில் சிக்கிய மனிதர் அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த அந்துப்பூச்சி போல நிற்கிறார். இந்த மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டு, “எல்லாமே செத்தது மிஸ்” என்றாள். “உயிரோட எது இருக்கு?” என்றேன். பக்கங்களைப் புரட்டி, மீட் ஓரிடத்தில் ஓர் இலையைக் கையில் எடுத்து அதன் நரம்புகளைப் பார்ப்பதைக் காட்டினாள். ஆளில்லாத நடைபாதையைப் புல்லும் பூவும் மூடிக்கொண்டு வருவதையும் காட்டினாள்.

காருக்குள் வீசும் வாடையைச் சொல்லும் இடத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். ஆன்டிசெப்டிக். “ஆஸ்பத்திரி வாடையா மிஸ்?” ஆமாம் என்றேன். அடுத்த சில வரிகளில்தான் மனநல மையத்தின் பெயர் வருகிறது. “எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சு” என்று எழுதினாள். ஒரு சொல்லின் பொருளை மட்டும் நான் கொடுத்தேன். அகராதி வேலையை நாம் தாராளமாகச் செய்துகொடுக்கலாம். பிள்ளைகள் அதில் நேரத்தை இழக்க வேண்டியதில்லை. விளக்கம் சொல்வதில்தான் கஞ்சத்தனம் வேண்டும். தலைப்புச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு: சுவாரசியம் இல்லாத, சாதாரணமான என்பது. அதை அகராதியிலிருந்து வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சாதாரணம் என்பதே குற்றமாகிவிட்ட ஊர் என்று அவள் போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் மாலை அவள் சொன்ன முதல் வாக்கியம், நம் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று. “1951லயே இன்னிக்கு நடக்கிறதக் கணிச்சிட்டாரு மிஸ். எல்லாரும் போனையே பார்த்துட்டு இருக்கோம்ல?”

எனக்கு இந்த வகை வாசிப்பில் உடன்பாடு இல்லை. எழுத்தாளரை ஜோசியராக்கி, ஜாதகம் பலித்ததா என்று பார்ப்பதில் கதை காணாமல் போகிறது. எனவே அவளிடம் இரண்டு எண்களைக் கொடுத்தேன். அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டில் பத்து வீடுகளுக்கு ஒரு வீட்டில்கூடத் தொலைக்காட்சி இல்லை; சரியாகச் சொன்னால் நூற்றுக்கு ஒன்பது வீடுகள். 1960இல் அது நூற்றுக்கு எண்பத்தேழு. இந்த இரண்டுக்கும் நடுவில், ஏறுமுகத்தின் தொடக்கத்தில் நின்றுகொண்டு இந்தக் கதையை எழுதியிருக்கிறார். பிராட்பரி வாழ்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். கார் இல்லாமல் பிழைக்க முடியாது என்று ஆகிக்கொண்டிருந்த நகரம் அது. அவரோ வாழ்நாள் முழுவதும் கார் ஓட்டாதவர். ஒரு நாள் இரவு நண்பரோடு நடந்துபோனபோது போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்ததிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

“அப்போ அவரு வருங்காலத்தப் பத்தி எழுதல. அன்னிக்கு அவரு தெருவுல இருந்த ஒரு நூலப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போயிருக்காரு” என்றாள். இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியாது. அந்த விவரங்களை முதல் நாளே கொடுத்திருந்தால் ஆசிரியர் குறிப்பாக மனப்பாடம் செய்திருப்பாள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. கார் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதச் சொல்லியிருந்தேன். பெயர் என்ன, தொழில் என்ன, வெளியே என்ன செய்கிறீர், எங்கே நடக்கிறீர், எதற்காக, கல்யாணம் ஆயிற்றா. எழுதி முடித்துவிட்டு, பக்கத்தின் நடுவே கோடு கிழித்து வலப்பக்கம் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்காமல் இருந்தேன். பிறகு அவளே நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

வலப்பக்கம் இருந்தவை அவள் ஊர்க்காரர்கள் அவளைக் கேட்ட கேள்விகள். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஒரு நாள் பேருந்தை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் மெயின்ரோடு வரை வந்து, அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஊருக்கு நடந்திருக்கிறாள். மணி ஏழு. டீக்கடை அண்ணன், பால் சொசைட்டி வாசலில் நின்ற பெரியம்மா, தெருமுனை வீட்டு மாமா. எங்கேயிருந்து வர்ற? இந்நேரம் வரைக்கும் பள்ளிக்கூடமா? தனியாவா வர்ற? அப்பா வரலையா? எதுக்கு நடந்து வர்ற?

“மிஸ், அவருக்கு 2053ல நடக்குறது எனக்கு டிசம்பர்லயே நடந்துச்சு” என்றாள்.

எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. நானும் பேருந்தில் போய்ப் படித்தவள்தான். எனக்கும் ஒரு டீக்கடை இருந்தது, ஒரு தெருமுனை இருந்தது. இங்கே இருக்கும் ஆசிரியைகளில் பாதிப்பேருக்கு மேல் தலையாட்டுகிறீர்கள். ஆனால் அந்த இடத்தில் நான் பேசத் தொடங்கியிருந்தால் அது என் பேச்சாகியிருக்கும். பெண்ணுரிமை பற்றிய பதினைந்து நிமிடச் சொற்பொழிவாகி, அவள் கிழித்த கோடு மறைந்துபோயிருக்கும். கதையில் தன்னைக் கண்டுகொள்வது பாதி வழி. மீதிப் பாதிக்கு அவளைக் கதைக்குத் திருப்ப வேண்டும். “ரெண்டு பக்கமும் ஒண்ணா? எங்க ஒத்துப்போகுது, எங்க விலகுது? விரல் வை” என்று மட்டும் சொன்னேன்.

அவள் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். வகுப்பில் பத்து நிமிட மௌனத்தை நாம் தாங்க மாட்டோம். தனியாக இருக்கும்போது முடிகிறது.

முதலில் விலகும் இடத்தைக் கண்டுபிடித்தாள். மீட் தன்னை எழுத்தாளர் என்று சொல்லலாம் என்கிறார். அந்த ஊரில் புத்தகமும் பத்திரிகையும் விற்பது நின்றுபோயிற்று. கார் அதைத் தொழில் இல்லை என்று தனக்குத்தானே குறித்துக்கொள்கிறது. “பெரியம்மா நான் சொன்னதக் கேட்டாங்க. சாப்டியான்னு கேட்டாங்க. கார் கேக்கவே இல்ல, அது ஏற்கெனவே வச்சிருக்க கட்டத்துல போட்டுக்குது.” முன்னிருக்கையில் ஆள் இல்லை என்பது பிறகு தெரிகிறது, ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது என்றாள்.

அத்தோடு நின்றிருந்தால் ‘நம் ஊர் நல்ல ஊர்’ என்று சுகமாக முடித்திருக்கலாம். அவள் முடிக்கவில்லை. கல்யாணம் பற்றிய கேள்வியில் விரல் வைத்தாள். மனைவி இருந்திருந்தால் இவர் எங்கே இருந்தார் என்று சாட்சி சொல்லியிருப்பாள் என்பதுபோலக் கார் பேசுகிறது. அவள் வலப்பக்கத்தில் ‘அப்பா வரலையா?’ என்பதைக் காட்டினாள். “ரெண்டுலயும் தனியா இருக்கிறதுதான் மிஸ் சந்தேகம். நம்ம பேச்சுக்கு நாமளே சாட்சி இல்ல.” இரண்டு பக்கங்களையும் இணைத்து ஓர் அம்புக்குறி போட்டாள். பெரியம்மாவின் அக்கறையும் உண்மை, அந்த அம்புக்குறியும் உண்மை. எது சரி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது இன்னொன்று கவனித்தாள். மீட்மேல் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. அவரைச் சிறைக்குக் கொண்டுபோகவும் இல்லை. மையத்தின் பெயரிலேயே பின்னோக்கிப் போகும் போக்குகளை ஆராயும் இடம் என்று இருக்கிறது. நடப்பது நோய். “தப்பு செஞ்சேன்னு சொன்னா நான் செய்யலன்னு சண்டை போடலாம். உனக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா என்ன செய்யறது?” என்றபடி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேருந்து வந்துவிட்டது.

நான்காம் மாலை எழுத்து வேலை. அது உங்களுக்குத் தெரிந்ததுதான், விரிக்கவில்லை. ஒரு கருத்து, அதற்கு விரல் வைக்கும் இடம், அந்த இடம் அந்தக் கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம். மாணவர்கள் விட்டுவிடுவது எப்போதும் மூன்றாவதைத்தான். முதலில் தமிழில் எழுதினாள். ஒரு பத்தியை வாசிக்கிறேன்:

“இந்த ஊரில் மக்களை யாரும் அடைத்து வைத்ததாகக் கதையில் இல்லை. அவர்கள் தாங்களாகவே உள்ளே இருக்கிறார்கள். அதனால்தான் முப்பது லட்சம் பேருக்கு ஒரு கார் போதுமாக இருக்கிறது. போலீஸ் குறைவாக இருப்பது சுதந்திரம் அதிகமாக இருப்பதன் அடையாளம் என்று முதலில் நினைத்தேன். காவல் வேலையை ஒவ்வொரு வீட்டிலும் திரை செய்துவிடுவதால் காருக்கு வேலை இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.”

‘முதலில் நினைத்தேன், இப்போது நினைக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எடுத்துவிடவா என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன். மாதிரி விடைகளில் இப்படி ஒரு வாக்கியம் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

கடைசிப் பத்தியில் கதாநாயகனையே கேள்வி கேட்டிருந்தாள். மீட் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, இன்றைக்கு எந்தச் சேனலில் என்ன ஓடுகிறது என்று கிண்டலாக முணுமுணுத்துக்கொண்டே போகிறார். பத்து ஆண்டுகளில் ஒரு கதவையாவது தட்டினாரா? அவருக்கும் மனிதர்கள் வேண்டியிருக்கவில்லையோ? பிராட்பரி முழுக்க மீட்டின் பக்கம்தான் நிற்கிறார். வாசிப்பவரும் அங்கேயே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விரல் வைக்க இடம் இருந்தது. அந்தப் பத்தி அப்படியே நின்றது.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். முழுவதும் நடக்காது. ‘ஊர்ச் சட்டம்’ எழுதுவது மட்டும் எந்த வகுப்பிலும் நடக்கும். இருவர் இருவராக உட்காரவைத்தால் போதும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஐசக் அசிமோவ் எழுதிய ‘தி ஃபன் தே ஹாட்’ பொருத்தமாக இருக்கும். அதுவும் 1951ஆம் ஆண்டுக் கதைதான். 2157இல் வீட்டிலேயே எந்திர ஆசிரியரிடம் படிக்கும் மார்ஜி என்ற பதினொரு வயதுச் சிறுமி, பழைய காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று ஒரு பழைய புத்தகத்தின் மூலம் தெரிந்துகொள்கிறாள். என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நூலில் பல ஆண்டுகள் இடம்பெற்ற கதை. நான்காம் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழில் வாய்மொழியாகவே சொல்லலாம். சொல்லிவிட்டு, ‘மார்ஜியின் வீட்டுப் பள்ளிக்கூடத்தில் எது இல்லை?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கொரோனா காலத்தில் கைப்பேசி வழியாகப் படித்த அண்ணன், அக்காமார் அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம்.

மாணவிக்கு அடுத்து என்ன கொடுப்பது என்று யோசித்தபோது இன்னொரு டிஸ்டோபியா கதையைக் கொடுக்க மனம் வரவில்லை. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சக்காவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ கதையைக் கொடுத்தேன். 1905இல் அது முதலில் அச்சானது நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற இதழில். பெண்கள் ஆளும் ஒரு நாட்டைப் பற்றிய கதை. சூரிய வெப்பத்தில் சமையல், வானத்தில் போகும் வாகனம் என்று அந்த நாட்டில் எல்லாம் இருக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்.

அதுவும் ஒரு நடையில்தான் தொடங்குகிறது. கதைசொல்லி, வெளியே ஆண்கள் தூங்குகிறார்கள் என்ற தைரியத்தில் தோழியோடு வீட்டைவிட்டு இறங்குகிறாள், பார்த்தால் பட்டப்பகல். தெருவில் நடக்கக் கூச்சப்படுகிறாள். போகிற பெண்கள், ஆம்பிளை மாதிரிக் கூச்சப்படுகிறாளே என்று அவளைக் கேலி செய்கிறார்கள். என் மாணவி அந்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து நோட்டோடு வந்தாள். மறுபடியும் நடுவில் கோடு. இந்த முறை ஒரு பக்கம் பிராட்பரி, ஒரு பக்கம் ரொக்கையா. அந்தப் பெண்கள் நாட்டில் ஆண்களை உள்ளே வைத்த பிறகு குற்றமே இல்லாமல் போயிற்று, போலீஸும் நீதிபதியும் தேவைப்படவில்லை என்று தோழி சொல்லும் இடத்தை அடிக்கோடிட்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் ஒற்றைப் போலீஸ் கார். “ரெண்டு ஊர்லயும் குற்றம் இல்ல மிஸ். ரெண்டு ஊர்லயும் ஆளுங்க உள்ள இருக்காங்க. அப்புறம் ஏன் ஒண்ணு நல்ல கனவு, ஒண்ணு கெட்ட கனவு?” என்று கேட்டாள். அவளே சற்று நேரத்தில், “ரொக்கையா கதைய ஒரு ஆம்பிளைப் பையன் படிச்சா அவனுக்கு டிஸ்டோபியாவா இருக்குமோ?” என்றாள். அவள் வகுப்புப் பையன்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. நான்கு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் படித்துவிட்டார்கள். ஒருவன் மிகவும் கோபமாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கும் ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறேன்.

ரொக்கையா 1932இல் மறைந்தவர்; காப்புரிமைக் காலம் முடிந்த கதை. அதனால் முப்பது பிரதிகள் எடுத்து வந்திருக்கிறேன், கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பிராட்பரியின் கதைக்குக் காப்புரிமை உண்டு. 1953இல் வெளிவந்த ‘தி கோல்டன் ஆப்பிள்ஸ் ஆஃப் தி சன்’ தொகுப்பில் அது இருக்கிறது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிரதி போதாவிட்டால் ஒரு பள்ளிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.